விடாது நடந்த கால்கள்

காந்தியடிகள் என்றதும் முழங்காலளவு வேட்டியும், கையில் நீண்ட கோலும், முன்னே எட்டி வைத்த காலுமாக ஓர் உருவம் நம் கண்முன் வந்து நிற்கும். ஊர்ச் சந்திகளில் உள்ள சிலைகள் பலவும் அவரை நடப்பவராகவே காட்டுகின்றன. ஆனால் அந்த மனிதர் பள்ளியில் படித்த நாளில் தேகப்பயிற்சி என்றாலே ஒதுங்கி ஓடியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டிரில் மணி அடித்ததும் தலைவலி வந்துவிடும் பிள்ளைகள் இதைச் சற்றுக் கவனமாகப் படிக்கலாம்.

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். படித்தது ராஜ்கோட்டில். அங்கே தலைமையாசிரியராக இருந்த தொராப்ஜி எதுல்ஜி கிமி என்பவர் மேல்வகுப்பு மாணவர்களுக்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாஸுக்கோ கூச்ச சுபாவம். நாலு பேர் பார்க்கக் கையைக் காலை வீசி ஆடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி, நோயுற்றிருந்த தந்தையாருக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஒரு சனிக்கிழமை, காலையில் வகுப்பு முடிந்து, மாலை 4 மணிக்குப் பயிற்சி. பையனிடம் கடிகாரம் இல்லை. வானம் மூடிக்கிடந்ததால் பொழுது தெரியாமல் போயிற்று. போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள். மறுநாள் காரணம் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னார்; நம்புவார் இல்லை. பொய் சொன்னதாக அபராதம் விதித்தார்கள். அந்த அபராதம் அவரை அழ வைத்தது. பின்னர் தந்தையாரே கடிதம் எழுதி, பயிற்சியிலிருந்து விலக்குப் பெற்றுத் தந்தார். படிப்புக்கும் தேகப்பயிற்சிக்கும் தொடர்பில்லை என்று அந்த வயதில் தாம் எண்ணியது தவறு என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் அதே நாட்களில், திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பது உடலுக்கு நல்லது என்று எதிலோ படித்திருந்தார். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. அதற்குப் பந்து வேண்டாம், கூட்டாளி வேண்டாம், பார்த்துச் சிரிப்பாரும் இல்லை. அன்று தொடங்கிய நடை அவரை விடவேயில்லை.

வலிமைக்கு அவர் வேறொரு குறுக்கு வழியையும் தேடியதுண்டு. ஆங்கிலேயர் புலால் உண்பதால்தான் பலசாலிகளாக இருந்து நம்மை ஆளுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பி, வீட்டாருக்குத் தெரியாமல் ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் சில தடவை ஆட்டிறைச்சி சாப்பிட்டார். பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்தது மனத்தை உறுத்தவே, விட்டுவிட்டார். (இறைச்சி சமைக்கும் வீட்டுப் பிள்ளைகள் மனம் வருந்த வேண்டாம். அவரை உறுத்தியது மறைப்பும் பொய்யும்.)

1888-இல் சட்டம் படிக்க லண்டன் சென்றார். புலால் தொடுவதில்லை என்று அன்னை புத்லிபாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் ஆயிற்றே, முதலில் அரைப் பட்டினிதான். ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவு விடுதியைக் கண்டுபிடித்ததும் அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதையும் நடந்து நடந்து தேடித்தான் கண்டார். அண்ணன் அனுப்பும் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று, போக வேண்டிய இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகக்கூடிய இடமாகப் பார்த்து அறை எடுத்துக்கொண்டார். வண்டிக் கூலி மிச்சம். நாளொன்றுக்கு 8 முதல் 10 மைல் நடை. லண்டன் குளிரில் நோய்நொடி பெரிதாக வராமல் தம்மைக் காத்தது இந்த நடையே என்று அவர் கருதினார். பாரிஸ்டராகிப் பம்பாய்க்கு வந்தபோதும், கிர்காம் பகுதியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 45 நிமிடம் வெயிலில் நடந்தே போய், நடந்தே திரும்பினார். பணம் வரத் தொடங்கிய பிறகும் டிராம் வண்டியை நாடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கத் தோன்றுகிறது. உடற்பயிற்சிக்கென்று அவர் தனியாக ஒரு நேரத்தை ஒதுக்கி, இன்று மனம் இருக்கிறதா இல்லையா என்று தம்மையே கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. போக வேண்டிய இடம் இருந்தது, போனார். நம் பிள்ளைகள் பலர் ஜனவரியில் அதிகாலை எழுந்து நடக்கத் தொடங்கிப் பொங்கலுக்குள் நிறுத்திவிடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான் என்று நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் 1910-இல் அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வாழ்ந்தவர்களில் நம் தமிழ் மக்களும் பலர். ஜோஹானஸ்பர்க் நகரம் அங்கிருந்து 21 மைல். பண்ணையின் பொது வேலையாகப் போகிறவர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகலாம்; சொந்த ஆசைக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும், கட்டுச்சோறும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று விதி. இரவு 2 மணிக்கு எழுந்து புறப்படுவார்கள். ஆறேழு மணி நேரத்தில் நகரை அடைவார்கள். மிக விரைவாக நடந்தவர் 4 மணி 18 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாராம்! இளைஞர்கள் இதைத் தண்டனையாக நினைக்கவில்லை. போட்டி போட்டுக்கொண்டு போனார்கள். காந்தியடிகள் ஒரே நாளில் 50 மைல் நடந்ததும் அக்காலத்தில்தான்.

இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர் தவறவே இல்லையா? தவறினார். 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நாள்தோறும் 20 மைல் வரை நடந்து, கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே பெரும்பாலும் உண்டு, உடம்பைக் கெடுத்துக்கொண்டார். வயிறு சரியில்லாதபோது பட்டினி கிடப்பதே மருந்து என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்று பண்டிகை. கஸ்தூரிபா எண்ணெய் விட்டுச் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பாசிப்பயற்றையும் கொண்டுவந்து வைத்ததும் நாவை அடக்க முடியாமல் வயிறாரச் சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் கடும் சீதபேதி. அந்த நிலையிலும் மாலையில் சபர்மதி ரயில் நிலையத்துக்கு ஒன்றேகால் மைல் நடந்து போனார். அது உறுதியா, பிடிவாதமா என்று கேட்டால் பிடிவாதம் என்றே சொல்வேன். மருந்தை மறுத்தார், படுத்த படுக்கையாகி, உயிர் பிழைப்போமா என்று தாமே ஐயுறும் நிலைக்கு வந்தார். பால் அருந்துவதில்லை என்ற விரதத்தையும் விட மறுத்தார். பசும்பால், எருமைப்பாலை எண்ணித்தானே விரதம் எடுத்தீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கட்டில் அருகே நின்ற கஸ்தூரிபா கேட்டார். மருத்துவர் தலால் அதையே பற்றிக்கொண்டார். ஆட்டுப்பால் அவரைத் தேற்றியது. தம் விரதத்தின் உட்பொருள் மீறப்பட்டதே என்ற வருத்தம் மட்டும் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. அவருடைய உணவுச் சோதனைகளை வளரும் பெண்கள் பின்பற்ற வேண்டியதில்லை. சாப்பாட்டு விஷயத்தில் கஸ்தூரிபாவின் பேச்சைக் கேட்பதே நமக்கு நல்லது.

எழுந்து நிற்க முடிந்ததும் சிறிது சிறிதாகப் பழைய நடைக்குத் திரும்பினார். சபர்மதியிலும் பின்னர் சேவாக்கிராமத்திலும் காலையும் மாலையும் உலாவுவார். அவரைக் காண வந்தவர்கள் பலர் கூடவே விரைந்து நடந்துகொண்டுதான் பேச வேண்டியிருந்தது. 1930 மார்ச் 12-ஆம் நாள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தண்டிக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 60. 241 மைல், 24 நாட்கள். உடன் சென்ற இளைஞர் சிலருக்குக் கால் கொப்பளித்து நடை தளர்ந்தது. அறுபது வயதுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். உலகமே வியந்த அந்த நடைக்கு அவர் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

நடந்தவருக்கு நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. குடல்வால் அறுவை சிகிச்சை, மலேரியா, முதுமையில் உயர்ந்த இரத்த அழுத்தம் எல்லாம் அவருக்கும் வந்தன. 1940-இல் அவரது இரத்த அழுத்தம் 220/110 வரை ஏறியதாக மருத்துவக் குறிப்பு உள்ளது.

1942 ஆகஸ்டில் பூனாவில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டார். ஒரு வாரத்திற்குள், மகனைப்போல் உடனிருந்த செயலாளர் மகாதேவ தேசாய் அங்கேயே மாரடைப்பால் இறந்தார். முள்வேலிக்குள் எங்கே நடப்பது? தேசாயைத் தகனம் செய்த இடத்துக்கு நாள்தோறும் மலருடன் நடந்து போய் வந்தார். உடல்நலம் பற்றி ஒரு சிறு நூலை அவர் எழுதி முடித்ததும் அந்தச் சிறையில்தான். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபாவும் அங்கே கண்மூடினார். தேசாயின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இறுதிச் சடங்கு நடந்தது. அதன் பிறகு அந்த நடை இருவருக்குமானது.

77-ஆம் வயதில், வகுப்புக் கலவரத்தால் புண்பட்டிருந்த நவகாளியில், 1947 ஜனவரி முதல் ஊர் ஊராக வெறுங்காலுடன் நடந்தார். அங்கே வாய்க்கால்களைக் கடக்க ஒடுக்கமான மூங்கில் பாலங்கள்தான். ஒரு கால் வழுக்கினால் சேற்றில் விழ வேண்டியதே. பள்ளியில் தேகப்பயிற்சிக்கு விலக்கு வாங்கிய அதே மோகன்தாஸ், அந்த முதிய வயதில் அப்பாலங்களில் நடக்கப் பழகிக்கொண்டார்.

1948 ஜனவரி 30 மாலை, டெல்லியில் சர்தார் படேலுடன் பேசிக்கொண்டிருந்ததில் பிரார்த்தனைக்குச் சில நிமிடங்கள் தாமதமாகிவிட்டது. நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது. ஆபா, மனு என்ற இரு பெண்களின் தோள்களைப் பற்றிக்கொண்டு புல்தரையின் குறுக்கே விரைந்து நடந்தார். மேடைக்கு ஏறும் படிகளைக் கடந்து, காத்திருந்த மக்களை வணங்கக் கைகளைக் குவித்தார்.