காப்டன் ட்ரைபஸும் இரகசியக் காகிதங்களும்

இராணுவ இரகசியம் என்னும் பெயரால் நீதி எவ்வாறு கொலையுண்ணும் என்பதற்கு ஆல்பிரட் ட்ரைபஸின் சரித்திரத்தினும் தெளிவான திருஷ்டாந்தம் நாம் அறிந்ததில்லை.

1859-ஆம் ஆண்டில் அல்ஸேஸ் பிரதேசத்து மூலூஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் காப்டனாக விளங்கினார். 1894-இல் பாரிஸிலுள்ள ஜெர்மன் தூதரகத்திலிருந்து ஒரு காகிதம் பிரெஞ்சு ஒற்றர் கைக்கு எட்டியது. அது ஜெர்மானியருக்கு அனுப்பப்பட்ட இராணுவக் குறிப்புகளின் ஜாபிதா; ஒப்பம் இல்லாதது. எழுத்து ட்ரைபஸினுடையதை ஒத்திருந்ததென்று அவரைச் சிறைப்படுத்தினர். பரிசோதித்த நிபுணர் ஐவரில் இருவர் அதை மறுத்தனர்.

டிசம்பரில் மூடிய கதவுகளுக்குள் இராணுவ விசாரணை நடந்தது. ருசு போதாதென்று அஞ்சிய யுத்த மந்திரி மெர்ஸியே, நீதிபதிகள் தீர்ப்பை ஆலோசித்த அறைக்கு ஒரு கட்டுக் காகிதங்களை இரகசியமாக அனுப்பினார். கைதி அவற்றைக் கண்டதில்லை. அவருடைய வக்கீல் டெமாஞ்ஜும் கண்டதில்லை. காணாத சாட்சியத்தை மறுப்பது எங்ஙனம்? நீதிபதிகள் எழுவரும் ஒருமனதாய்த் தண்டித்தனர். 1895 ஜனவரி 5-ஆம் தேதி படையின் முன்னிலையில் அவரது வாள் முறிக்கப்பட்டது. பின்னர், தென் அமெரிக்கக் கரையை அடுத்த பேய்த்தீவில் அவரைத் தனிச்சிறை வைத்தனர்.

1896-இல் உண்மைக் குற்றவாளி எஸ்டர்ஹாஸி என்று கர்னல் பிக்கார் கண்டார். மேலதிகாரிகள் அவரைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டனர். மேஜர் ஹென்றியோ ட்ரைபஸுக்கு விரோதமாகப் பொய்க் கடிதமொன்றைச் சிருஷ்டித்தார். 1898-இல் எஸ்டர்ஹாஸி விடுதலை பெற்றார். அநீதியைக் கண்டித்தெழுதிய ஆசிரியர் ஜோலாவோ தண்டிக்கப்பட்டார். ஜோலாவின் விசாரணையில் ஒரு ஜெனரல் அப்பொய்க் கடிதத்தையே ஆதாரமாகக் கூறினார். ஆனால் எதிரி வக்கீலுக்கு அதைக் காட்டவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் அதிகாரி விளக்கொளியில் அதைப் பரிசோதித்தபோது, இரு வேறு காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஹென்றி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

1899-இல் உயர்நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்துச் செய்தது. எனினும் ரென் நகரத்து இராணுவ நீதிபதிகள் ஐவருக்கு இருவராய் மீண்டும் தண்டித்தனர். குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்தார். குற்றமற்றவருக்கு மன்னிப்பு எதற்கு? 1906 ஜூலை 12-ஆம் தேதியே அவர் நிரபராதியெனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் அவர் தேசத்தை வெறுத்தாரில்லை. முதல் உலக யுத்தத்தில் மீண்டும் பணி புரிந்தார். 1935-இல் காலமானார்.

அரசாங்கத்துக்கு இரகசியங்கள் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. மறைக்க வேண்டிய காகிதத்தை மறைத்துக்கொள்ளட்டும். ஆனால், மறைத்த காகிதத்தைக் கொண்டு ஒருவனைத் தண்டித்தலாகாது. கைதியின் கண்ணுக்குக் காட்டக் கூசும் சாட்சியம், நீதிபதியின் கண்ணுக்கும் சாட்சியமாகாது.