ஏகாம்ர நிவாஸ் ராமகிருஷ்ணன்

மலருக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் மாநிலக் கல்லூரியின் பழைய ஆங்கில விரிவுரை மண்டபம்தான் உடனே ஞாபகத்துக்கு வந்தது. அல்லாடி ராமகிருஷ்ணனின் கணித விஞ்ஞானக் கழகம் 1962 ஜனவரி 3ஆம் தேதி அங்கேதான் துவக்கப்பட்டது. சுப்ரமண்யன் சந்திரசேகர் வந்திருந்தார். நான் படித்த காலத்தில் இது தெரியாமலே அந்தப் பக்கம் சுற்றித் திரிந்தேன்!

1923ல் பிறந்த ராமகிருஷ்ணனின் தந்தை யார் தெரியுமோ? அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யர். மகனும் சட்டம் படித்தார். மைலாப்பூரில் அப்படி ஒரு பெயரோடு கோர்ட்டுக்குப் போயிருந்தால் கட்சிக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் ஹோமி பாபாவின் சொற்பொழிவைக் கேட்ட மனசு பௌதிகத்தை விடவில்லை. பாபாவிடமே போய்ச் சேர்ந்தார்.

அங்கே எடுத்துக்கொண்டது காஸ்மிக் கதிர்ப் பொழிவு. வானிலிருந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதினால் இரண்டாகும், நாலாகும், கடைசியில் மழை மாதிரி கொட்டும். எந்தச் சக்தியில் எத்தனை துகள் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அதைக் கணக்கிட அவர் 1950ல் வெளியிட்ட முறைக்குப் பெருக்கல் அடர்த்தி என்று சொல்லலாம். ஜெனீவாவின் 27 கிலோமீட்டர் மோதுகருவியிலும் எலக்ட்ரானின் சக்தியை அளப்பது இதே மாதிரியான பொழிவை வைத்துத்தான்.

மான்செஸ்டரில் டாக்டர் பட்டம், பிறகு சென்னைப் பல்கலைக்கழக வேலை. 1957-58ல் பிரின்ஸ்டன். அங்கே கண்ட கருத்தரங்குகள் இங்கே இல்லையே என்ற ஏக்கம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. லஸ் சர்ச் ரோடில் தன் வீடான ஏகாம்ர நிவாஸிலேயே ஆரம்பித்துவிட்டார். கருவி கிடையாது, கட்டடம் கிடையாது. கரும்பலகையும் கொஞ்சம் மாணவர்களும்தான். வந்த விஞ்ஞானிகளுக்கு வீட்டுச் சாப்பாடு.

1960ல் நீல்ஸ் போரே வந்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவற்றில் இந்தச் சின்னக் கூட்டத்தையும் அவர் சொல்லிவிட்டுப் போக, அப்போதைய கல்வி மந்திரி சி. சுப்பிரமணியம் முயற்சி எடுத்து, 1961 அக்டோபரில் மாணவர்களை நேருவுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்றே மாதத்தில் கழகம் பிறந்தது. இன்றைக்கு அப்படி ஒரு கோப்பு நகருமா, நீங்களே சொல்லுங்கள்.

1983 வரை அவர்தான் இயக்குநர். 2008ல் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் காலமானார். கழகம் தரமணியில் இருக்கிறது. நம் மண்டபத்தில் பிறந்த பிள்ளை. மாணவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.