சோய்ச்சிரோ ஹோண்டா

ஜப்பானில் ஹமமாத்சு நகரை அடுத்த சிற்றூரில் 1906ஆம் ஆண்டு சோய்ச்சிரோ ஹோண்டா பிறந்தார். தந்தையார் கொல்லர், மிதிவண்டிகளையும் செப்பனிட்டு வந்தார். உலைக்களத்தருகே வளர்ந்த மகனார், பதினைந்தாம் வயதில் தோக்கியோ சென்று மோட்டார் வண்டி செப்பனிடும் தொழிலைக் கற்றார். பின்னர்ப் பொறியுறுப்புகள் செய்யும் ஆலை நிறுவினார்.

உலகப் போரின் குண்டுவீச்சும், 1945இல் நேர்ந்த நிலநடுக்கமும் அவர் உழைப்பின் பயனை அழித்தன. ஆயினும் அவர் உள்ளம் தளரவில்லை.

போர் முடிந்தபின் மக்கள் உணவுப்பொருள் தேடி நெடுந்தொலைவு அலைந்தனர். படையினர் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் பெறப் பயன்படுத்திய சிறு பொறிகளோ கேட்பாரற்றுக் கிடந்தன. 1946இல் ஹோண்டா அவற்றை வாங்கிச் சீர்செய்து மிதிவண்டிகளில் பூட்டினார்; வார்ப்பட்டையால் பின்சக்கரத்தைச் சுழலச் செய்தார். எரிநெய் வைக்கக் கலம் இல்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் கலமே முதலில் அதற்கு உதவிற்று. அவர் மனைவியார் சாச்சி அவ்வண்டியை ஊரார் காண ஓட்டினார்.

வாங்குவோர் பெருகினர், பழம்பொறிகள் தீர்ந்தன. எஞ்சிய பொருளையே எத்துணை நாள் நம்புவது? 1947இல் தம் பொறியைத் தாமே செய்தார். 1948இல் ஹோண்டா நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் 1991இல் மறைந்தார்.

அழிவின் எச்சத்தையும் ஆக்கத்தின் வித்தாகக் கொள்வோரே உயர்வர் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.