கழற்றிப் பார்த்தவர்

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் இரண்டு ரக ஆட்களைப் பார்க்கலாம். ஒருத்தர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார். இன்னொருத்தர் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று தேடுவார். நான் இரண்டாவது ரகம். எங்கள் ரகத்துக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அது ஜி.டி. நாயுடுதான். விஞ்ஞானி, தொழிலதிபர் என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அவர் முதலில் ஒரு மெக்கானிக்.

கோயமுத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி மட்டும் போகிறது! மனசு அங்கேயே நின்றுவிட்டது. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த ரட்ஜ் வண்டியை வாங்கினார்.

நம்மில் ஒருவர் என்றால் என்ன செய்திருப்போம்? ஊரைச் சுற்றி நாலு ரவுண்டு அடித்திருப்போம். அவரோ வண்டியை அக்கு அக்காகக் கழற்றினார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் தரையில் போல்ட்டும் நட்டுமாகக் கிடக்கிறது. சொல்லித்தர ஐ.டி.ஐ. கிடையாது, தமிழில் புத்தகம் கிடையாது. ஒரு பாகம் தொலைந்தால் வாங்க நம்ம ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் கிடையாது. கார்புரேட்டர் எதற்கு, மேக்னட்டோ எப்படிப் பொறி தருகிறது என்று கையால் தடவித் தெரிந்துகொண்டு, மறுபடி பூட்டினார். பிறகு மெக்கானிக் ஆனார். அவருடைய டிப்ளமோ அதுதான்.

கழற்றுவது பெரிய காரியமில்லை, திரும்பப் பூட்டுவதில்தான் சூட்சுமம். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். பூட்டும்போது வலமிருந்து இடமாக வந்தால் கணக்கு சரியாகிவிடும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் காயில் போச்சு என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கப்பாசிட்டர்தான். அதே மதிப்புள்ள புதுசைப் போட்டால் பழையபடி ஓடும்.

நாயுடு கதைக்கு வருவோம். 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பழுது பார்க்கத் தெரிந்தவன் முதலாளியானால் வண்டி ரோட்டில் நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் வேண்டும், ஆனால் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து 1937-ல் பீளமேட்டில் மின் மோட்டாரைச் செய்தே காட்டினார். கோவை இன்று பம்ப் செட்டுக்குப் பேர்போன ஊராக இருப்பதற்கு அது ஒரு பிள்ளையார் சுழி.

மற்றபடி அவர் மூளை வீட்டுச் சாமான்களையே சுற்றிச்சுற்றி வந்தது. பேட்டரி செல்லில் ஓடும் ஷேவிங் ரேஸர், மெல்லிசு பிளேடு, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி... கரண்ட் இல்லாத வீட்டிலும் காத்து வரணும் என்று நினைத்த மனுஷன்! ஒரே நாளில் அஸ்திவாரம் போட்டு வீட்டை முடிக்கும் முறையையும் கொண்டு வந்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-லேயே அறிவித்தார். 1952-ல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்தார். சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது. படிக்கும்போதே வயிறு எரிகிறது.

நமக்கு நெருக்கமான சங்கதி ஒன்று உண்டு. அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று ஊர் சொன்ன மனிதர் அங்கே பிரின்ஸிபால்! நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும், அதற்குள்ளேயே பல துறைகளைக் கற்றுத்தரலாம் என்று வாதாடினார். ஆங்கில அரசு கேட்கவில்லை. பதவியை விட்டு விலகினார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கணிதத்தையும் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸையும் அவசரத்தில் விழுங்க முடியாது. ஆனால் வொர்க்‌ஷாப் பீரியடில் ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்க்கும்போது, அந்த மனுஷன் கோபம் நியாயம்தானோ என்று தோன்றும். பாலிடெக்னிக்தானா என்று உறவுக்காரர்கள் இழுக்கும்போது இந்தக் கதையைத்தான் நான் எடுத்து விடுவேன்.

1974 ஜனவரி 4-ல் காலமானார். அந்தப் பொறியியல் கல்லூரிதான் பிறகு இடம் மாறி ஜி.சி.டி. ஆயிற்று. ஆனால் அவிநாசி ரோட்டில் பஸ் ஸ்டாப் பெயர் இன்றைக்கும் ஹோப் காலேஜ்தான். அந்த ரோட்டின் மேலேயே 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள்.