உங்க பில்டிங் தூணுக்கும் காரைக்குடி அழகப்பருக்கும் என்ன சம்பந்தம்?

செம்பூர்லயோ மாட்டுங்காவுலயோ பழைய ஹவுசிங் சொசைட்டியில இருக்கீங்களா? அப்போ ஸ்ட்ரக்சுரல் ஆடிட் பத்தின சண்டையை ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. அந்த ஆடிட்ல ஒரு சின்ன சோதனை உண்டு. வோல்ட்மீட்டரோட ஒரு ஒயரைத் தூணுக்குள்ள இருக்கிற கம்பியில மாட்டுவாங்க. இன்னொரு ஒயர், காப்பர் சல்பேட் கரைசலும் செப்புக் கம்பியும் உள்ள ஒரு குழாய்க்குப் போகும். அந்தக் குழாயை ஈரமான கான்கிரீட் மேல வெச்சு எண்ணைக் குறிப்பாங்க. மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனா, அந்த இடத்துல கம்பி துருப்பிடிச்சிட்டு இருக்க 90 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு.

அதாவது உங்க தூணும் ஒரு மின்வேதிக் கலம்தான், பேட்டரி மாதிரி. ஒரே ஒரு மின்முனையோட மின்னழுத்தத்தைத் தனியா அளக்க முடியாது. ரெண்டு முனைகளுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தைத்தான் அளக்க முடியும். அதனாலதான் மதிப்பு மாறாத ஒரு செப்பு முனையைக் கூடவே கொண்டு வர்றாங்க. இந்த எண் துரு பிடிக்கிற வாய்ப்பை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு அரிச்சிருக்குன்னு சொல்லாது.

இந்த மாதிரி அளவீடுகளையே முழுநேர வேலையா வெச்சிருக்கிற ஒரு தேசிய ஆய்வகம் காரைக்குடியில இருக்கு. பேரு மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், ஊர்க்காரங்களுக்கு 'சிக்ரி'. டெல்லி, புனே மாதிரி நகரங்களோட சேர்ந்து காரைக்குடிக்கும் ஒரு தேசிய ஆய்வகம் கிடைச்சதுக்குக் காரணம் அழகப்பச் செட்டியார்.

1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, கூடவே விமானம் ஓட்டும் சான்றிதழ். மலேயாவில் ரப்பர், கேரளத்தில் துணி ஆலை, காப்பீடு, ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனம் வரைக்கும் போனார். திருச்சூர் பக்கம் அழகப்பநகர்னு ஓர் ஊரே இருக்கு. கவனிங்க, இந்தப் பட்டியல்ல வேதியியல் எங்கேயும் இல்லை.

ஆனா பணம் அங்கேதான் போச்சு. மாட்டுங்காவுல இருக்கிற ஐ.சி.டி. உங்களுக்குத் தெரியும். மும்பை பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையா தொடங்கி, 1943-ல் அந்த வளாகத்துக்கு வந்தது. அடுத்த வருஷமே சென்னையில அதே மாதிரியான கல்வி தொடங்கக் கை கொடுத்தவர் அழகப்பர். கிண்டியில இருக்கிற ஏ.சி. டெக் அதுதான். 1947-ல் காரைக்குடியில் கலைக்கல்லூரி. பெண்கள் கல்லூரிக்காகத் தன் வீட்டையே கொடுத்தார்.

அப்புறம்தான் பெரிய பந்தயம். சி.எஸ்.ஐ.ஆர். நாடு முழுக்க ஆய்வகங்கள் அமைச்சிட்டு இருந்த நேரம். காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர்றதாச் சொன்னார். 15 லட்சத்தோட இன்றைய மதிப்பு என்னன்னு கேப்பீங்க. நிலத்தை வெச்சு யோசிங்க: மொத்த தாராவியே சுமார் 600 ஏக்கர். அதுல பாதி! (வறண்ட செம்மண் பூமிதான், தாராவி விலை கிடையாது. இருந்தாலும்.)

1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போ அழகப்பருக்கு வயசு 39. 1953 ஜனவரி 14, பொங்கல் நேரத்துல குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வெச்சார். 1956-ல் அழகப்பருக்குப் பத்மபூஷண். 1957 ஏப்ரல் 5-ல், 48-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் இறந்துட்டார்.

கல்லூரிகள்லயும் பின்னாடி வந்த பல்கலைக்கழகத்துலயும் அவர் பேர் இருக்கு. சிக்ரியோட பேர்ல இல்லை. அது அரசோட ஆய்வகம், அவர் கொடுத்துட்டு ஒதுங்கிட்டார். என்னைக் கேட்டா, அவர் செஞ்சதுல பெரிய விஷயமே அதுதான்.

லித்தியம் பேட்டரியில இருந்து கடல் காத்துல அரிக்கிற இரும்பு வரைக்கும் அங்கே ஆய்வு நடக்குது. கட்டுமானக் கம்பிக்குத் துரு பிடிக்காம இருக்க சிமென்ட்டும் பாலிமரும் கலந்த ஒரு பூச்சு அங்கே உருவானதுதான். மும்பை மாதிரி உப்புக்காத்து ஊருக்கு இது சும்மா தகவல் இல்லை.

உங்க சொசைட்டி ஆடிட் ரிப்போர்ட் கைக்கு வந்தா, மைனஸ் எண்கள் வரிசையா இருக்கிற அட்டவணையைத் தேடுங்க. அது இல்லைன்னா, ஏன் அளக்கலைன்னு கேளுங்க.