முப்புரி கண்ட அறிஞர்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் உள்ள உருக்காலைகளில் கட்டுமானக் கம்பிகள் உருவாகின்றன. அத்தகைய கம்பிகளை உள்ளே நிறுத்திக் கற்காரையை ஊற்றியே இன்று தூண்களும் தளங்களும் எழுப்பப்படுகின்றன. கற்காரை மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும்; ஆயினும் வளைத்தால் விரிசல் காணும். கம்பியோ இழுவிசையைத் தாங்கிக் கட்டடத்தைக் காக்கும். மனித எலும்பின் அமைப்பும் இத்தகையதே. கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த கனிமம் எலும்புக்குக் கடினத்தன்மை தருகிறது. அக்கனிமம் படிந்து நிற்பதற்கு இழைகளாக அமைந்து, எலும்பு எளிதில் நொறுங்காமல் காப்பது கொலாஜன் என்னும் புரதம். அந்தக் கொலாஜனின் வடிவத்தைச் சென்னையிலிருந்து உலகுக்கு அறிவித்தவர் ஜி. என். இராமச்சந்திரன்.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலியை அடுத்த ஊராகும். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கணிதத்தின் மீதான பற்று மைந்தருக்குத் தந்தையிடமிருந்தே வாய்த்தது.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இராமச்சந்திரன், 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் இயற்பியல் பேராசிரியராக விளங்கினார். இளைஞரின் அறிவுக்கூர்மையை உணர்ந்த இராமன், அவரைத் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். படிகங்களின் இயல்பை ஆராய்ந்து முனைவர் ஆய்வை முடித்த இராமச்சந்திரன், 1947இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் மேலும் ஈராண்டுகள் பயின்றார். எக்ஸ் கதிரைப் படிகத்தின் வழியே செலுத்தி, அது சிதறும் கோலத்தைக் கொண்டு உள்ளிருக்கும் அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் கலையில் அவர் தேர்ச்சி பெற்றார்.

சென்னையில் தொடங்கிய தேடல்

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியது. துணைவேந்தராக இருந்த மருத்துவர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாருக்கு இராமன் பரிந்துரைத்த பெயர் இராமச்சந்திரன் என்பதாகும். முப்பது வயது நிரம்புவதற்குள் அவர் பேராசிரியர் ஆனார்.

சென்னைக்கு வந்த சிறிது காலத்தில், இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னால் பல்கலைக்கழகத்தைப் பார்வையிட வந்தார். தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு ஆகிய அனைத்திலும் நிறைந்துள்ள கொலாஜனின் வடிவம் அதுவரை சரிவரத் தெளிவாகவில்லை என்பதை அவர் உரையாடலின்போது எடுத்துரைத்தார். அச்சொல் இராமச்சந்திரனின் உள்ளத்தில் பதிந்தது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனுக்கு வெகுதொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதனை வழங்கியது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த இழைகளும் அவற்றுள் அடங்கும்.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்தனர். கோளங்களையும் குச்சிகளையும் இணைத்து மாதிரி வடிவங்களை அமைத்தனர். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது முன்பே தெரிந்த செய்தி. மற்றவர்கள் கடந்து சென்ற அந்த எண்ணிக்கையே இராமச்சந்திரனுக்குத் திறவுகோலாயிற்று. மூன்று சங்கிலிகள் அருகருகே நின்றால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் உட்புறம் நோக்கி அமையும். அங்கே இடம் மிகக் குறுகியது. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசின் மட்டுமே அவ்விடத்தில் பொருந்தும்.

இக்கருத்து 1954இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர்கள் தங்கள் வடிவத்தைத் திருத்தினர். மூன்று சங்கிலிகளும் நேராக நிற்பவை அல்ல. கயிற்றின் புரிகளைப்போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டவை என அறிவித்தனர். எலும்பின் வலிமைக்கு அடிப்படையான முப்புரி வடிவம் இவ்வாறு வெளிப்பட்டது.

மறுப்பும் மறுமொழியும்

புகழோடு மறுப்பும் வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் கொலாஜனுக்குத் தம் வடிவத்தை வெளியிட்டனர். முப்புரி அமைப்பை அவர்களும் ஏற்றனர். ஆனால், சென்னை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைய வழியில்லை என்றும் குறை கூறினர். உலகப் புகழ்பெற்ற ஆய்வகத்திலிருந்து எழுந்த மறுப்பு அது. சென்னையில் இருந்த சிறிய குழுவுக்கு அதனை எதிர்கொள்வது எளிதன்று.

இராமச்சந்திரன் வாதத்தை வளர்க்கவில்லை. கேள்வியை மேலும் ஆழமாக்கினார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அன்று உறுதியான அளவுகோல் இல்லை. ஆகவே, அதுவரை வடிவம் அறியப்பட்ட பல படிகங்களில் அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளைத் தொகுத்து ஆராய முற்பட்டார். வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் இப்பணியில் அவருக்குத் துணைநின்றனர். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலமும் இரண்டு பிணைப்புகளை அச்சாகக் கொண்டு திரும்பக்கூடியது. அவ்விரு கோணங்களில் எவை இயலும், எவை அணுக்களை மோதவைக்கும் என்பதை அவர்கள் கணக்கிட்டு ஒரு படமாக வரைந்தனர். 1963இல் வெளியான அப்படம் இராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் வழங்குகிறது. இன்று எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அதன் சரிபார்ப்புக்கு இவ்வரைபடம் துணையாகிறது.

1994இல் கொலாஜனை ஒத்த சிறிய மூலக்கூறு ஒன்றின் படிகம் அமெரிக்காவில் நுணுக்கமாக ஆராயப்பட்டது. முறுக்கிய மூன்று புரிகளும் அதில் தெளிவாகக் காணப்பட்டன. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதில் மறுத்தவர்களின் கூற்றும் மெய்யாயிற்று. தம் வடிவத்தின் நுட்பத்தில் நேர்ந்த பிழையையும், அதன் அடிப்படையில் இருந்த உண்மையையும் ஒருசேர ஆராய்ந்ததனாலேயே இராமச்சந்திரன் இரண்டாவது பெருங்கண்டுபிடிப்பை அடைந்தார்.

மருத்துவத்துக்கு வாய்த்த பயன்

இராமச்சந்திரன் மருத்துவர் அல்லர். எனினும் எலும்பு நோய்களை ஆராயும் மருத்துவர்களுக்கு முப்புரி வடிவம் வழிகாட்டியாயிற்று. சில குழந்தைகளுக்குச் சிறு அசைவிலும் எலும்பு முறியும். பிறக்கும்போதே முறிவுகளுடன் பிறப்போரும் உண்டு. இந்நோய்க்குக் காரணம் பெரும்பாலும் கொலாஜனை உருவாக்கும் மரபணுவில் நேரும் மாற்றமே என்பது 1980களில் தெளிவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒரேயொரு கிளைசின் மாறி, அவ்விடத்தில் பெரியதொன்று அமர்ந்தாலும் முறுக்கு சரிவர அமையாது. அந்த இடத்தில் கிளைசின் ஏன் இன்றியமையாதது என்பதற்கான விடை சென்னையில் உருவான வடிவத்திலேயே இருந்தது.

வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோயில் கொலாஜன் புரிகள் உறுதியாக இணைவதில்லை. அதனால் வளரும் குழந்தையின் எலும்பு நலிகிறது. வைட்டமின் டி குறைந்தால் வரும் ரிக்கெட்ஸ் நோயில் கொலாஜன் இழைகள் இருந்தும் கனிமம் போதிய அளவு படிவதில்லை. அதனால் கால்கள் வளைகின்றன. முதுமையில் தோன்றும் எலும்புப்புரை நோயில் இழையும் கனிமமும் சேர்ந்தே குறைகின்றன. எலும்பு கரையும்போது இரத்தத்தில் கலக்கும் கொலாஜன் துணுக்குகளை அளந்து, அது தேயும் வேகத்தை இன்றைய மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை, கம்பியில் குறையா காரையில் குறையா என்று பகுத்தறிய அந்த அடிப்படை அறிவு உதவுகிறது.

எலும்பின் உட்பொருளை விளக்கியவர், எலும்பை உடலுக்குள்ளேயே காணும் வழிக்கும் பங்களித்தார். 1971இல் அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும், பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு உள்ளுருவத்தை மீட்டெடுக்கும் விரைவான கணித முறையை வெளியிட்டனர். அம்முறையை ஒட்டிய கணக்கீடுகள் சி.டி. ஸ்கேன் கருவிகளில் நெடுங்காலம் பயன்பட்டன.

இறுதிக்காலம்

சென்னையில் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய இராமச்சந்திரன், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார். 1977இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. நோபல் பரிசு மட்டும் வாய்க்கவில்லை.

முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்த துயரும் சேர்ந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் இயற்கை எய்தினார்.

வளரும் குழந்தையின் எலும்பிலும், ஆலையில் சுமை தூக்கும் தொழிலாளியின் எலும்பிலும், கோலூன்றி நடக்கும் முதியவரின் எலும்பிலும் அந்த முப்புரியே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. தம் கண்டுபிடிப்பின் மீது எழுந்த ஐயத்தைப் பகையாகக் கருதாமல் ஆய்வுப்பொருளாக ஏற்ற அறிஞரின் நினைவு, அறிவியல் பயில்வோருக்கு என்றும் வழித்துணையாகும்.