கொடை திரட்டிக் கல்விக்கூடம் கண்ட புக்கர் டி. வாஷிங்டன்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் இரவு என்றோர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்தே இரவச்சம் என்றோர் அதிகாரமும் வகுத்தார். தக்காரிடம் கேட்டல் இழிவன்று என்பது முன்னதன் கருத்து. கேளாதிருத்தலே மேல் என்பது பின்னதன் கருத்து. தனக்கெனக் கேட்க நேர்பவன் பின்னதைக் கைக்கொண்டு வாய்மூடி இருந்துவிடலாம். ஊருக்கெனக் கேட்பவனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அவன் கேட்டே ஆகவேண்டும். மானமும் குன்றாதிருத்தல் வேண்டும். இவ்வருஞ்செயலை 34 ஆண்டுகள் இடையறாது ஆற்றிய ஒருவரின் வாழ்வை இங்கே நாம் காணப் புகுகின்றோம்.

அடிமைக் குடிலில் பிறப்பு

புக்கர் டி. வாஷிங்டன் 1856ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், புகையிலைப் பண்ணை ஒன்றில், அடிமைத் தாய்க்கு மகனாகப் பிறந்தார். தாயார் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபோது சிறுவனுக்கு வயது ஒன்பது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்துக்கொண்டே அவர் எழுத்தறிந்தார்.

1872இல், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை நாடி, வண்டியேறியும் நடந்தும் சென்றார். அங்கே அவருக்கு வைக்கப்பட்ட நுழைவுத் தேர்வு, ஒரு வகுப்பறையைப் பெருக்கித் தூய்மை செய்தலே. மும்முறை பெருக்கினார், நான்முறை தூசு துடைத்தார், சேர்த்துக்கொள்ளப்பட்டார். பணியாளாக உழைத்து உணவுச் செலவை ஈடுசெய்தார். கல்விக் கட்டணத்தை நியூ பெட்ஃபோர்டு நகரத்து வள்ளல் ஒருவர் ஏற்றார். பின்னாளில் பல்லாயிரவருக்காகக் கொடை கேட்கப் போகின்றவர், முதலில் தாமே ஒரு கொடையால் கற்றவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஊதியம் உண்டு, பள்ளி இல்லை

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் சிற்றூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்றொரு தகரத் தொழிலாளர் இருந்தார். அவரும் முன்னாள் அடிமை. கறுப்பின வாக்காளரின் ஆதரவுக்கு ஈடாக அவர் கேட்டுப் பெற்றது தம் மக்களுக்கான ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. சட்டமன்றம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. பள்ளியை நடத்த ஹாம்ப்டனிலிருந்து 25 வயது வாஷிங்டன் வந்தார். வந்து பார்த்தால் நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. அரசு கொடுத்த பணமோ ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே உரியது. ஒரு பலகை வாங்கவும் அதைத் தொடவியலாது. ஒன்றுக்கென வந்த பணத்தைப் பிறிதொன்றுக்குச் செலவிடலாகாது என்னும் இந்நெறி, நல்கை பெறும் நிறுவனங்கள் இன்றும் எதிர்கொள்வதே.

1881 சூலை 4ஆம் நாள், ஒழுகும் குடிசை ஒன்றில் 30 மாணவருடன் பள்ளி தொடங்கியது. அருகே 100 ஏக்கர் பழம்பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. பாதியை முன்பணமாகச் செலுத்துதல் வேண்டும். ஹாம்ப்டனின் பொருளாளர் ஜெனரல் மார்ஷலுக்கு வாஷிங்டன் கடிதம் எழுதினார். நிறுவனப் பணத்தைக் கடனாகத் தரத் தமக்கு அதிகாரமில்லை என்று கூறிய அப்பெரியவர், தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் அனுப்பினார். மூன்றே மாதங்களில் அக்கடன் அடைக்கப்பட்டது. அடுத்த இரு மாதங்களில் நிலத்தின் முழு விலையும் செலுத்தப்பட்டது.

அப்பணம் வந்த வழி நம் உள்ளத்தைத் தொடுவது. ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை வீடு வீடாகச் சென்று பண்டங்கள் திரட்டி விற்றார். எழுபது வயதை எட்டிய மூதாட்டி ஒருத்தி, கந்தலுடுத்துக் கோலூன்றி வந்து, தான் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைக் கொடுத்துச் சென்றாள். பிற்காலத்தில் கோடீசுவரர்களின் கொடைகளைப் பெற்ற பின்னரும், தம் உள்ளத்தை இவ்வளவு நெகிழ்வித்த கொடை வேறில்லை என்றே வாஷிங்டன் கருதினார்.

கட்டடத்திற்குச் செங்கல் வேண்டும். மாணவர்களே சூளையிட்டனர். மூன்று சூளைகள் அடுத்தடுத்துப் பாழாயின. தம் கடிகையை மாண்ட்கோமரி நகரின் அடகுக் கடையில் வைத்து 15 டாலர் பெற்று நான்காம் சூளையிட்டார், கல் வெந்தது. கடிகையோ மீளவேயில்லை.

கேட்கும் கலை

இதன்பின் வடபுல நகரங்களில் ஆண்டுதோறும் பல மாதங்கள் கொடை தேடி அலைந்தார். பீபாடி நிதியம் முதலில் 500 டாலரும், ஸ்லேட்டர் நிதியம் 1,000 டாலரும் நல்கின. பயன் கண்டு பின்னர் அவை தொகையை உயர்த்தின. மாநில அரசும் 1883இல் தன் ஒதுக்கீட்டை 3,000 டாலராக்கியது. அவரது முறையை நாம் மூன்றாகப் பகுத்துக் காணலாம். கெஞ்சாமல் பணியின் உண்மை நிலையை எடுத்துரைத்தல் ஒன்று. கொடுக்காதவரிடம் மனக்கசப்புக் கொள்ளாமை இரண்டு. கணக்கைத் துலக்கமாக வைத்து எவரும் காணத் தருதல் மூன்று.

ஒரு குளிர்நாளில் கனெக்டிகட் மாநிலத்தில் இரண்டு மைல் நடந்து சென்று செல்வர் ஒருவரைக் கண்டார், வெறுங்கையோடு திரும்பினார். ஈராண்டு கழித்து அவரிடமிருந்தே 10,000 டாலர் வந்தது. ரயில்பாதை முதலாளி ஹண்டிங்டன் முதன்முறை தந்தது 2 டாலர். இறுதியாகத் தந்தது 50,000 டாலர்.

1900 திசம்பரில் ஆண்ட்ரூ கார்னகிக்கு அவர் வரைந்த விண்ணப்பம், இக்கலையில் பயில்வோர்க்கெல்லாம் பாடமாகத் தக்கது. பள்ளியில் 1,100 மாணவர் உளர்; 12,000 நூல்களும் இதழ்களும் உள; அவற்றை வைக்கவும் படிக்கவும் இடமில்லை; 20,000 டாலரில் நூலகம் எழுப்பலாம் என்று கணக்காகக் கூறினார். அத்தோடு நின்றாரல்லர். செங்கல் அறுத்தல் முதல் தச்சுவேலை ஈறாக அனைத்தையும் மாணவரே செய்வர்; அதனால் தொழிலும் கற்பர்; பெறும் கூலியால் படிப்பையும் தொடர்வர் என்றும் விளக்கினார். ஒரு பணம் மூன்று பயன் தருதலைக் கண்ட கார்னகி, கேட்ட தொகையைக் கொடுத்தார். பத்தாண்டுகட்கு முன் முதல் சந்திப்பில் ஆர்வம் காட்டாதிருந்தவர் அவர். அவரே 1903இல் 6,00,000 டாலர் மதிப்புள்ள பத்திரங்களை நிலைநிதிக்கு வழங்கினார்.

கொடையின் விலை

எனினும் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. கொடுப்பவரின் மனம் கோணாதிருக்க, கேட்பவரின் நா கட்டுண்டது. 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், வெள்ளையரும் கறுப்பரும் சமுதாய வாழ்வில் பிரிந்தே இருக்கலாம் என்று இசைந்தார். உரிமைப் போரைப் பின்னுக்குத் தள்ளித் தொழிற்கல்வியை முன்னிறுத்தினார். இதனை டூபாய்ஸ் என்னும் பேரறிஞர் 1903இல் வெளிவந்த தம் நூலில் வன்மையாகக் கண்டித்தார். வாக்குரிமை இழந்த மக்களுக்குத் தொழில் மட்டும் போதாது என்பது அவர் வாதம். அதே காலத்தில், வாக்குரிமை பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருளுதவி செய்துவந்தார் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. வெளிப்படச் சொல்லவியலாததை மறைவிற் செய்ய நேர்ந்த அவ்வாழ்வை எண்ணுங்கால், கொடையும் ஒரு விலை கேட்கும் என்பது நமக்குப் புலனாகின்றது. அவ்விலை மிகையானது என்பாரும் வேறு வழி இருந்ததில்லை என்பாரும் இன்றும் உளர்.

நிலைத்த பயன்

1912இல் வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு வழங்கிய 25,000 டாலரில் ஒரு பகுதியைக் கொண்டு, டஸ்கீகியைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் எழுப்ப வாஷிங்டன் இசைவு பெற்றார். ஊராரும் தம் பங்கைத் தந்தாலன்றிப் பள்ளி இல்லை என்பது விதி. 1932க்குள் தென்மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் அவ்வழியே எழுந்தன. அவற்றுக்கு ரோசன்வால்டு தரப்பு தந்தது சுமார் 43 இலட்சம் டாலர். ஏழைக் கறுப்பின மக்கள் தந்ததோ சுமார் 47 இலட்சம் டாலர்.

அவ்வறுவடையை முழுதும் காண வாஷிங்டன் இருந்தாரல்லர். 1915 நவம்பர் 14ஆம் நாள் டஸ்கீகியில் மறைந்தார். தாம் கட்டிய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஒழுகும் குடிசையில் தொடங்கிய பள்ளியில் அன்று 100க்கு மேற்பட்ட கட்டடங்களும் சுமார் 1,500 மாணவரும் இருந்தனர்.

பெருங்கொடை ஒருநாளில் வருவதன்று. ஊராரின் ஆறு முட்டைகள் முதலில் வந்தாக வேண்டும். அவற்றின் பின்னரே கார்னகியின் பத்திரம் வரும். தம் மக்களே நம்பாத நிறுவனத்தை அயலார் நம்புவதில்லை. பொதுப்பணிக்குப் பொருள் நாடி விண்ணப்பம் எழுத அமரும் எவரும், தாளின் தலைப்பில் தொகையை எழுதுமுன் நம் ஊரார் இதற்கு என்ன தந்தனர் எனத் தம்மையே வினவிக்கொள்ளல் நலம். அவ்வினாவுக்கு விடை இருப்பின், இரத்தலில் இழிவில்லை என்பதே இவ்வாழ்வு நமக்கு உணர்த்துவதாகும்.